விளிம்புவரை

விடியும்போதே ஓஷ் நகரம் நிலக்கரிப் புகைக்குள் கிடந்தது. அலுவலக அடுப்பின் சாம்பலை வாரிக் கொட்டிவிட்டு, பெரிஜாத் நீதிமன்றத்துக்குப் போகவேண்டிய வழக்குக் கட்டுகளைத் தைக்க உட்கார்ந்தாள். சட்டம் படித்து முடித்தவள். அந்த அலுவலகத்தில் வாதாடுவது ஆண்கள். கட்டுத் தைப்பதும் தேநீர் ஊற்றுவதும் பெண்கள். ஊசி விரலில் ஏறியது. வலிக்கவில்லை. கொஞ்ச காலமாகவே அவளுக்கு எதுவும் வலிப்பதில்லை.

மூத்த வக்கீல் அக்மத்பெக் உள்ளே வந்தார்.

"மகளே, தையல் பட்டறை முதலாளி வர்றார். இனி அவர் நம்ம கட்சிக்காரர்."

"அவர் மேல வழக்குப் போடத்தானே ஐயா அந்தப் பட்டறையில தைக்கிற புருல் நம்மகிட்ட வந்தா? கதவச் சாத்திட்டு அவர் செஞ்சதெல்லாம் என்கிட்ட சொல்லியிருக்கா."

"அதுக்குத்தான் நீ வேணும். முன்னாடி எவனோட சுத்தினா, அதையும் சொல்லியிருப்பாளே? எழுதிக் குடு."

"வக்கீல்னு நம்பிச் சொன்னது, ஐயா."

"நீ இன்னும் வக்கீல் இல்ல. உன் உரிமத்துக்கு நான் கையெழுத்துப் போடணும்."

அவர் அறைக்குள் போனதும், தட்டச்சு செய்துகொண்டிருந்த சைராகுல் தலையைத் தூக்காமல் சொன்னாள்: "நானும் சட்டம் படிச்சவதான்டி. எனக்கும் இந்தக் கையெழுத்தக் காட்டித்தான் உக்கார வச்சார். தட்டிக்கிட்டே இருக்கேன்."

முதலாளி வந்தார். விருந்தாளிக்கு அரைக் கிண்ணம்தான் ஊற்றுவது அந்த ஊர் வழக்கம். பெரிஜாத் அவர் கிண்ணத்தில் தேநீரை விளிம்புவரை ஊற்றினாள்.

"என்னம்மா, உக்காந்ததும் கிளம்பச் சொல்றியா?" முதலாளி சிரித்தார்.

"சின்னப் பொண்ணு, கை தவறிடுச்சு," என்றார் அக்மத்பெக்.

தப்பிக்க வழி கொடுத்துவிட்டார். தலையாட்டினால் போதும்.

"தவறல," என்றாள் பெரிஜாத். "புருல் சொன்னதுல ஒரு வரிகூட எழுத மாட்டேன்."

"வெளிய போ! இந்த ஊர்ல எந்தக் கோர்ட்டுலயும் உன்ன நிக்க விடமாட்டேன்," என்று கத்தினார் அக்மத்பெக்.

தட்டச்சு ஓசை நின்றது. சைராகுல் எழுந்து வந்து கெண்டியை வாங்கினாள். அக்மத்பெக்கின் கிண்ணத்தில், மேஜையெல்லாம் வழியும்வரை ஊற்றினாள். "இது உங்களுக்கு, ஐயா."

இருவரும் வெளியே வந்தார்கள். தெருவில் பனி கொட்டியது. வேலை இல்லை, உரிமமும் இல்லை. பெரிஜாத்துக்கு இன்னும் எதுவும் உறைக்கவில்லை. புருலுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் தையல் மெஷின்களின் இரைச்சல்.

"அப்ப உங்களுக்கே ஒரு வக்கீல் வேணுமேக்கா!" என்றாள் புருல். பிறகு திரும்பி யாரிடமோ ஏதோ சொன்னாள். ஒரு மெஷின் நின்றது. இன்னொன்று. கடைசியில் சத்தமே இல்லை.

"அக்கா, எல்லாரும் எந்திரிச்சுட்டோம். வக்கீல் சங்கத்துல புகார் குடுக்க எந்த வேன்ல ஏறணும்?"

சைராகுல் போனைப் பிடுங்கினாள். "சந்தை வழியா வர்றது எதுன்னாலும் ஏறுங்கடி. நாங்க சங்க வாசல்ல நிக்கிறோம்."