பெங்களூருக்கு நாற்பது சுமை

பெங்களூரில் அரசு விவசாயப் பல்கலைக்கழகத்தில் எனக்கு இடம் கிடைத்தது, 1981 ஜூலையில். வெளிமாநிலப் பிள்ளை என்பதால் கட்டணம் இரட்டிப்பு. திங்கட்கிழமைக்குள் கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். உதவித்தொகை வரும், ஆனால் வருஷக் கடைசியில்தான் என்றார்கள். மலைமேல் புதூர்நாட்டில் கல் உடைத்துக் கூலி வாங்கும் என் அப்பா சின்னதம்பி, கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஊருக்கு முறை சொல்லும் ஊர்க்கவுண்டர் தீர்த்தகிரியிடம் போனார்.

எங்கள் மலையில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் வீட்டுக்கு ஒரு சுமை கொடுத்தாக வேண்டும், தானியமோ பழமோ. தர்மம் அல்ல, முறை. படிப்புக்கென்று அதைக் கேட்டவர் யாரும் இல்லை. ஊர் கூடியபோது பலரும் முணுமுணுத்தார்கள். மாப்பிள்ளை யார் என்று சின்னராசு கேலி செய்தான்.

தீர்த்தகிரி வெற்றிலையைத் துப்பினார். “பொண்ணு வூட்ட வுட்டுப் போவுதா இல்லியா? போவுது. அப்ப முறை உண்டு.”

அவ்வளவுதான் பேச்சு.

அது பலாக் காலம். சனிக்கிழமை விடிந்ததும் நாற்பது வீட்டுப் பலாப்பழங்களும் தலையில் ஏறின. அடிவாரம்வரை காட்டுப் பாதையில் மூன்று மணி நேர நடை. நான் கடைசியாக வந்தேன். ஒரு வளைவில் நின்று கீழே பார்த்தேன். ஆள் தெரியவில்லை. புதருக்கு மேலே பழங்கள் மட்டும் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. ஒருத்திக்காக.

அங்கிருந்து லாரியில் திருப்பத்தூர் மண்டிக்குப் போனோம். குவியலைப் பார்த்ததும் மண்டிக்காரர் விலையைப் பாதியாக்கினார். எங்களில் ஒருவருக்கும் அது முன்னால் தோன்றவில்லை. கல்யாண வீட்டில் எவ்வளவு குவிந்தாலும் மதிப்பு குறையாதே. அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்து வீட்டு முத்தம்மா அரிவாளை எடுத்தாள். “எந்திரிங்கண்ணா. அறுத்து விக்கலாம்.”

பஸ் ஸ்டாண்டு, ரயிலடி, சந்தை வாசல் என்று பிரிந்து போனார்கள். கடையில் உப்பு கேட்கவே கூசுகிற மனிதர்கள், அன்று நகரும் பஸ்ஸோடு ஓடி ஜன்னலில் சுளையை நீட்டினார்கள். காட்டான் என்று சிரித்தவனிடம் சின்னராசு, காட்டான் பழம் இனிக்கிறதா என்று கேட்டுக் காசு வாங்கினான். நாலு மணிக்கெல்லாம் முதல் வருஷக் கட்டணமும் ரயில் சார்ஜும் சேர்ந்துவிட்டன. நோட்டுகள் பலாப்பாலில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

முத்தம்மா பிசுபிசுத்த கையை மண்ணில் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

“செந்தாமர, எத்தினி வருசம் படிக்கணும்?”

“நாலு வருசம் அத்தை.” பயந்துகொண்டுதான் சொன்னேன்.

அவள் களைத்துக் கிடந்த அத்தனை பேரையும் ஒரு தடவை பார்த்தாள்.

“அப்ப அடுத்த வருசம் எண்ணெ எடுத்தாரணும். கை ஒட்டுது.”