உலகம்மாள் குடித்த கஞ்சி

சுபானு வருஷம் ஆடி மாதம் பன்னிரண்டாம் தேதி, புதன்கிழமை மத்தியானம், மேலகரம் கீழத்தெருவில் உலகம்மாள் தன் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து ஒரு வாய் சாளைக் கருவாட்டுக் குழம்புச் சோறு தின்றபோது, அந்தத் தெருவின் இருபத்துமூன்று வீட்டு ஆட்களின் நாக்கிலும், பின்னால் இருந்த அக்கிரகாரத்தின் பதினாறு வீட்டு ஆட்களின் நாக்கிலும் அந்தக் குழம்பு ருசித்தது. இங்கிலீஷ் கணக்குக்கு அது 1943 ஜூலை. குற்றாலத்தில் சீசன் தொடங்கி அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. தென்காசியில் கத்தரிக்காய் வரத்து நின்று நான்கு நாள் ஆகியிருந்தது. பிராமணர்கள் வாய் கொப்பளித்தார்கள். கீழத்தெருக்காரர்கள் அப்படி எதுவும் செய்யவில்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டு வீட்டு வாசலில் ஆட்கள் வந்து நின்று, இத்தனை உப்பைக் கொட்டியது யார் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

யார் என்பதைக் கண்டுபிடிக்க வடிவம்மாளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. அவள் உலகம்மாளின் அடுத்த வீட்டுக்காரி. கல்யாண வீட்டுச் சாம்பாரை மணத்திலேயே எடை போடுகிறவள். மதில் மேல் தலையை நீட்டி, "ஏட்டி உலகு, கருவாடா வச்சே? மூணு வருஷமா இந்தக் கொடுமையையா ஒத்தையில திங்கிதே?" என்றாள். உலகம்மாளுக்கு முகமெல்லாம் எரிந்தது. அவள் புருஷன் தளவாய் பட்டாளத்தில் சேர்ந்து எகிப்துக்குப் போன நாளிலிருந்து அவள் தனக்கு மட்டும்தான் ஆக்கினாள். குற்றம் சொல்ல ஆள் கிடையாது. உப்பு அவள் கைக்கு எப்போதும் கூடித்தான் விழும். அது அவளுக்கும் தெரியும். ஆனால் வீட்டுக்குள் இருக்க வேண்டிய அந்த விஷயம் இப்போது முப்பத்தொன்பது வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. அன்று மிச்சச் சோற்றை அவள் தொடவே இல்லை. தெருவும் அரை வயிற்றோடு நின்றது. அப்போதுதான் இரண்டாவது விஷயம் தெரிந்தது: ருசி மட்டும் வரவில்லை, சோறும் வந்திருக்கிறது. அவள் தின்ற அளவுக்கு ஒவ்வொருவர் வயிறும் நிறைந்திருந்தது. வடிவம்மாள் தன் தட்டில் போட்ட சோற்றில் பாதியைத் தின்ன முடியாமல் கோழிக்கு வைத்தாள்.

வேறொரு வருஷமாக இருந்தால் ஊர் இதைப் பற்றி மாதக்கணக்கில் பேசியிருக்கும். அந்த வருஷம் அதற்கு நேரமில்லை. சீசனுக்கு வந்த கூட்டத்தோடு வாந்திபேதியும் வந்திருந்தது. சிற்றாற்றில் குளித்தவர்களில் நான்கு பேர் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். சுகாதார இன்ஸ்பெக்டர் கிணறுகளில் மருந்து போட்டார். தண்ணீர் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. ஊர் முகப்பில் மூங்கில் கட்டி, யாரும் வெளியே போகக்கூடாது, உள்ளே வரக்கூடாது என்று தண்டோரா போட்டார்கள். தென்காசிச் சந்தை மூடிவிட்டது. பர்மா அரிசி ஏற்கெனவே இல்லை. தடுப்புக்கு வெளியே, தென்காசி ரோட்டோரத்தில், சைதூன் பீவியின் பலசரக்குக் கடை ஒன்றுதான் திறந்திருந்தது. வேண்டியதைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். பீவி சாமானைச் சுளகில் வைத்து, நீளமான மூங்கில் கழியால் தள்ளிவிடுவாள். மிளகாய் கேட்டவனுக்கு மல்லி போகும். அதற்கும் ஒரு சண்டை நடக்கும். பத்தே நாளில் அவள் கடையில் புளியும் உப்பும் கொஞ்சம் நொய்யரிசியும்தான் மிஞ்சின.

இந்த நிலைமையில், ஒரு வீட்டுச் சமையலால் முப்பத்தொன்பது வீடு பசியாறும் என்றால் அதை எந்த ஊர் விடும்? தடுப்புப் போட்ட மறுநாள் காலையிலேயே உலகம்மாளின் கொல்லை மதில் மேல் சாமான் வர ஆரம்பித்தது. ஒரு வீட்டிலிருந்து உழக்குத் துவரம்பருப்பு, ஒரு வீட்டிலிருந்து இரண்டு வாழைக்காய், அக்கிரகாரத்திலிருந்து ஒரு கிண்ணம் நெய். நெய்யைக் கொண்டுவந்து மதிலில் வைத்தவர் ராமசேஷன். தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கருவாட்டு விஷயமாக அவர் தாசில்தாருக்கு நான்கு பக்கத்தில் இங்கிலீஷில் ஒரு மனு எழுதியிருந்தார். தபால்காரர் தடுப்பைத் தாண்டி வராததால் மனு அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

இனி என்ன ஆக்குவது என்பதுதான் ஊரின் பெரிய பேச்சு. கீழத்தெரு மேற்குப் பக்கம் சொதி கேட்டது. கிழக்குப் பக்கம் புளிக்கறி கேட்டது. ஏகாதசிக்கு வெங்காயம் கூடாது என்று அக்கிரகாரம் ஆள் அனுப்பியது. பல் விழுந்தவர்களுக்காக அவள் ஒரு முறுக்கைக் கடித்துத் தின்றால் போதும் என்று ஒருவர் வந்து சொல்லிப் போனார். வடிவம்மாள் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு முக்காலி போட்டு ஏறி நின்று, காலையிலிருந்து மாலை வரை கட்டளை போட்டாள். "தாளிச்சது கருகுது, இறக்கு! பெருங்காயம் எங்கட்டி? கையை உப்புச் சட்டிக்குக் கொண்டுபோகாத, நான் பார்த்துக்கிட்டுதான் நிக்கேன்!" உலகம்மாள் கரண்டியைத் தரையில் எறிவாள், பிறகு எடுத்துக் கழுவி மறுபடியும் கிண்டுவாள். கோபமாக இருந்தாலும், மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் அடுக்களையில் மனிதச் சத்தம் கேட்டது. ஒரு அவியல் சரியாக அமைந்த அன்று இரண்டு தெருவும் ஒரே நேரத்தில் 'ஆகா' என்றது. அதைக் கேட்டு அவள் அடுப்புக்கு முன்னால் எழுந்து நின்று, என்ன செய்வது என்று தெரியாமல் முந்தானையால் விறகைத் துடைத்தாள்.

ஆடி கடைசி வாரத்தில் முக்காலி காலியாக இருந்தது. உலகம்மாள் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மதிலேறிக் குதித்தாள். வடிவம்மாள் பாயில் கிடந்தாள். கண் குழிந்து, கை விரலெல்லாம் தண்ணீரில் ஊறியதுபோல் சுருங்கி, குரல் போயிருந்தது. கொடுத்த தண்ணீர் வாயில் பட்டதும் திரும்பி வந்தது. மருந்தும் அப்படித்தான் வந்தது. "அக்கா, ஒரு மடக்கு முழுங்கு" என்று உலகம்மாள் அவள் தலையைத் தூக்கிப் பிடித்துக் கெஞ்சினாள். அந்த மடக்கும் அவள் மடியிலேயே விழுந்தது. அப்படியே ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்தவளுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. தான் தின்பது வடிவம்மாளின் வாய் வழியாகப் போவதில்லையே. நேரே வயிற்றுக்குத்தானே போகிறது. வாயில் பட்டால்தானே திரும்பி வரும்?

ஓடினாள். நொய்யரிசியைக் குழையக் காய்ச்சி, அவசரத்தில் எவ்வளவு என்று பார்க்காமல் உப்பைப் போட்டு, ஆற்றக்கூடப் பொறுக்காமல் ஒரு செம்பு குடித்தாள். நாக்கு வெந்தது, முப்பத்தொன்பது வீட்டிலும் நாக்கு வெந்தது. கால் மணி கழித்து இன்னொரு செம்பு. பிறகு இன்னொன்று. வெயில் சாயும்போது மதிலுக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். வடிவம்மாளின் கண் திறந்திருந்தது. உதடு அசைந்தது. உலகம்மாள் காதைக் கொண்டுபோய் வைத்தாள்.

"உப்பு கூடிப்போச்சு, ஏட்டி" என்றாள் வடிவம்மாள்.

உலகம்மாள் தெருவில் இறங்கி, பிழைத்துவிட்டாள், பிழைத்துவிட்டாள் என்று கத்திக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஓடினாள். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் ராமசேஷன் வேட்டி தடுக்க ஓடி வந்தார். அவர் மனைவி பாலாம்பாளுக்குக் காலையிலிருந்து பேதி. அவர் கையெடுத்துக் கும்பிட்டதை அதற்கு முன் அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

"உலகம்மா, அவளுக்கு ஒண்ணும் தங்கமாட்டேங்கறது. நீ குடிச்சா அவளுக்குத் தங்கும்ங்கறா. நிறுத்திடாதேம்மா."

"நிறுத்த மாட்டேன் சாமி. ஆனா எனக்கு மணி பார்க்கத் தெரியாது. கால் மணிக்கு ஒருக்க நீங்க சொல்லணும்."

ராமசேஷன் தன் பையிலிருந்த கடிகாரத்தை எடுத்துக்கொண்டு உலகம்மாளின் அடுக்களை ஜன்னலுக்கு வெளியே ஒரு பலகை போட்டு உட்கார்ந்தார். கடிகாரத்தை வைக்க இடம் வேண்டியிருந்ததால் தாசில்தார் மனுவை நான்காக மடித்து அதன் அடியில் வைத்தார். கால் மணிக்கு ஒரு தரம் கை தட்டினார். அந்தக் கைதட்டலுக்கு உலகம்மாள் ஒரு செம்பு குடித்தாள். அப்போது இரண்டு தெருவிலுமாகப் பதினான்கு பேர் படுத்திருந்தார்கள். பதினான்கு பேர் வயிற்றிலும் கஞ்சி இறங்கியது, இறங்கியது தங்கியது. நன்றாக இருந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். அவர்களுக்கும் கால் மணிக்கு ஒரு செம்பு போய்க்கொண்டிருந்தது. ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தது. கொல்லை வேலியோரம் கூட்டம் குறையவில்லை. ஆனாலும் ஒருவர்கூட நிறுத்தச் சொல்லவில்லை. ஆண்கள் விறகு பிளந்து போட்டார்கள். பெண்கள் இருந்த நெல்லைக் குத்தி நொய்யாக்கி மதிலில் வைத்தார்கள். உலகம்மாள் கைதட்டலுக்கும் கைதட்டலுக்கும் நடுவே உட்கார்ந்தபடியே உறங்கினாள். மூன்றாம் நாள் செம்பைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டியது. வாயை மூடிக்கொண்டு குமட்டலை விழுங்கினாள். தான் வாந்தியெடுத்தால் பதினான்கு பேருக்கும் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை.

நான்காம் நாள் காலையில் உப்புச் சட்டி காலியானது. எந்த வீட்டிலும் ஒரு கல் உப்பு இல்லை. உப்பில்லாமல் குடித்த கஞ்சியும் போய்ச் சேர்ந்தது. ஆனால் இரண்டு மணி நேரத்தில் பாலாம்பாளின் கால் மறுபடியும் குரக்குவலியில் இழுக்க ஆரம்பித்தது. உலகம்மாள் கையில் செம்போடு தடுப்புக்கு ஓடினாள். அவள் வாயைத் திறக்குமுன்பே சைதூன் பீவி கடைக்கு வெளியே வண்டியில் மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தாள். அவள் கடையும் அந்த ருசியின் எல்லைக்குள்தான் இருந்தது.

"எனக்குத் தெரியும்ட்டி, காலையிலருந்து சப்புன்னு இருக்கு. எங்கிட்டயும் உப்பு கிடையாது. தென்காசிக்குப் போறேன். உப்பு வச்சிருக்க கிட்டங்கியைப் பூட்டியிருந்தா உடைச்சாவது கொண்டாருதேன். நீ போய்க் குடி!"

அவள் தென்காசியில் யாரிடம் என்ன பேசினாள் என்பது பற்றி நாலு விதமாகச் சொல்வார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு இரண்டு மூட்டை உப்போடு வண்டி திரும்பியது மட்டும் நிச்சயம். பாதி வழியில் குற்றாலத்துச் சாரல் பிடித்துக்கொண்டது. உப்பு கரைந்தால் போயிற்று. பீவி வண்டியிலிருந்த ஓலைப்பாயை மூட்டைமேல் போட்டு, அதன்மேல் தன் துப்பட்டியைப் போட்டு, அதற்கும் மேல் தானே குப்புறப் படுத்துக்கொண்டு, படுத்தபடியே மாட்டை அதட்டி ஓட்டிவந்தாள். சிற்றாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் நாக்கில் சப்பென்ற கஞ்சி வந்ததாம். "அவ இன்னும் குடிச்சிக்கிட்டுதான் இருக்கா, குடிச்சிக்கிட்டுதான் இருக்கா" என்று சொல்லிச் சொல்லி மாட்டின் வாலை முறுக்கினாளாம். உப்பு மூட்டையைச் சுளகில் வைத்துத் தள்ள முடியாது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் தடுப்பைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், பிறகு தன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். அவர் வயிற்றிலும் நான்கு நாளாக அந்தக் கஞ்சிதான் இருந்தது.

ஏழாம் நாள் பாலாம்பாள் எழுந்து உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டாள். பதினான்கு பேரும் பிழைத்தார்கள். உலகம்மாள் இரண்டு பகல் உறங்கினாள். ஊர் அந்த இரண்டு நாளும் தானே ஆக்கித் தின்றது. அவள் விழித்தபோது வடிவம்மாள் ஒரு தட்டில் ரசஞ்சோறு பிசைந்துகொண்டுவந்து அவளுக்கு ஊட்டினாள். ஊருக்கே ரசஞ்சோறு கிடைத்தது.

அதற்குப் பிறகுதான் சிவசைலத்தைப் பற்றி அவளிடம் சொன்னார்கள். ஆற்றங்கரைத் தோப்பில் குடிசை போட்டிருந்த தனிக்கட்டை, தேங்காய் பறிக்கிறவர். ஐந்தாம் நாள் வாந்திபேதியில் குடிசையிலேயே இறந்து கிடந்தார். உலகம்மாள் அங்கே போனாள். ருசி எதுவரை போகிறது என்று பார்க்க, அக்கிரகாரத்திலிருந்து ஒரு பெண்ணை வெல்லக்கட்டியோடு தன் வீட்டில் உட்காரவைத்துப் பார்த்தாள். பயனில்லை, உலகம்மாளே தின்றால்தான் மற்றவர் நாக்குக்குப் போகும். அதனால் ஒரு துண்டு வெல்லத்தைத் தானே கடித்துக்கொண்டு அடுக்களையில் நின்றாள்; வடிவம்மாள் தோப்பை நோக்கி நடந்து, தித்திப்பு நின்ற இடத்தில் ஒரு குச்சியை நட்டாள். குச்சிக்கும் குடிசைக்கும் நடுவே பத்துக் காலடி தூரம் இருந்தது. உலகம்மாள் அந்தப் பத்துக் காலடியையும் நடந்து பார்த்தாள். ஒரு கொல்லை தள்ளிப்போய் உட்கார்ந்து குடித்திருந்தால் போதும். "ஒனக்குத் தெரியாதே, ஏட்டி" என்றாள் வடிவம்மாள். உலகம்மாள் அழுதபோது மேலகரத்தில் யாருக்கும் கண்ணீர் வரவில்லை. அது அவளோடு நின்றது.

ஆவணியில் மூங்கிலைப் பிரித்தார்கள். சந்தை திறந்தது. அடுத்து வந்த வருஷங்களில் ஊர் அவள் சமையலுக்குப் பழகிக்கொண்டது. அவள் என்றைக்கு என்ன ஆக்குகிறாள் என்பது அமாவாசை, கிருத்திகைபோல எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தளவாய் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்து, மூன்றாம் நாளே மற்றவர்களைப்போலக் குறை சொல்ல ஆரம்பித்தான். சுகாதார இலாகாவிலிருந்து ஒரு டாக்டர் வந்து அவள் நாக்கையும் வயிற்றையும் பார்த்துவிட்டு, சாப்பிட்டுப் போனார்.

விய வருஷம், இங்கிலீஷ் கணக்குக்கு 1947, மாசியில் ராயகிரியில் வாந்திபேதி என்று சேதி வந்தது. கூப்பிட ஆள் அனுப்பியிருந்தார்கள். உலகம்மாள் இரண்டு பானை, ஒரு செம்பு, நொய் ஒரு மூட்டை, உப்பு ஒரு மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். முன்னால் சைதூன் பீவி வண்டியை ஓட்டினாள். ராயகிரித் தடுப்பைத் தாண்டி உள்ளே போனதும் உலகம்மாள் முதலில் கேட்டது நோயாளிகளைப் பற்றி அல்ல. ஊரின் கடைசி வீடுகள் எந்தத் திசையில் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று கேட்டாள். அவர்கள் கை நீட்டிக் காட்டினார்கள். அவள் கணக்குப் பார்த்து, ஊர் நடுவில் ஒரு மாட்டுக்கொட்டிலைத் தேர்ந்தெடுத்து, மூன்று கல்லைக் கூட்டிக் கஞ்சி காய்ச்சி, ஒரு மடக்குக் குடித்தாள். தூரத்து வயலில் களையெடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து, புறங்கையால் வாயைத் துடைத்துவிட்டு, குனிந்து வேலையைத் தொடர்ந்தார்கள்.