எந்தப் பக்கத்தால் வந்த பூச்சியம்

1

“பூச்சியத்துக்கு என்ன சகவும் சயவும்? பூச்சியம் பூச்சியம்தானே.”

“இல்லைக் கனிசியஸ். எந்தப் பக்கத்தாலை வந்ததெண்டு அதுக்கு நினைவிருக்கு. உங்கடை கணினிதான் அதை அழிச்சுப்போட்டுது.”

இந்த இரண்டு வரிகளும் என்னுடையவை அல்ல. போன மாசியில், பருத்தித்துறை பஸ் புத்தூரைத் தாண்டும்போது, முன் இருக்கையில் இருந்த ஓர் ஆணும் பெண்ணும் பேசிக்கொண்டவை. நடுவில் ஒரு மடிகணினி; ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்திருந்தார்கள். நான் குடும்பக் கதை எழுதுகிறவள். கணக்கில் சாதாரண சித்தி, வெறும் பாஸ்தான்; சக என்றால் கூட்டல், சய என்றால் கழித்தல் என்ற அளவுக்குத் தெரியும். ஆனாலும் ‘அழிச்சுப்போட்டுது’ என்றபோது அந்தப் பெண்ணின் குரல், ஒரு கணக்குக்கு வேண்டியதைவிட அதிகமாக நடுங்கியது எனக்குக் கேட்டது. நெல்லியடியில் நான் இறங்க வேண்டியிருந்தது. மிச்சமெல்லாம் என் கற்பனை.

2

தொடக்கம்: கடற்காற்று ஹன்னாவின் கூந்தலை மெல்ல

(வேண்டாம். அவளுக்கு அன்று கூந்தலைப் பற்றி நினைக்க நேரமில்லை. ஹன்னா என்ற பெயரும் நான் வைத்ததுதான்.)

மறுபடி. ஹன்னாவும் கனிசியசும் எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில் கணிதம் படிப்பிக்கிறவர்கள். துறைமுக அணையைச் சுற்றித் தண்ணீர் எப்படி ஓடும் என்று படம் வரைய, ஒரே சூத்திரத்தை இருவரும் நிரலாக எழுதினார்கள். அவள் சீ என்ற கணினி மொழியில், அவன் பைதனில். அவளுடைய படத்தில் தண்ணீர் அணையின் இரு பக்கமும் ஒழுங்காக ஓடியது. அவனுடைய படத்தில் தெற்குப் பக்கத்துக் கோடு ஒன்று சுவரைக் கடந்து வடக்கே போய் நின்றது. இந்தத் தண்ணீரைப் பார்த்தால் குருநகரில் மீன்பிடிக்கும் தன் அப்பா வள்ளமே இறக்கமாட்டார் என்று அவன் சிரித்தான். மூன்று நாள் வரி வரியாகத் தேடினார்கள். சூத்திரத்தில் பிழையில்லை.

3

(கணக்கு பிடிக்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டலாம் என்று எழுதியிருந்தேன். தாண்டினால் முடிவு விளங்காது. இருங்கள், சுருக்கமாகச் சொல்கிறேன்.)

சிக்கலெண்ணுக்கு இரண்டு பகுதிகள்: மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி. அவர்கள் போட்ட கணக்கில், அணைமேல் இருக்கும் புள்ளிக்குக் கற்பனைப்பகுதி பூச்சியம். வடக்கிலிருந்து வந்து சேர்ந்த பூச்சியத்துக்குச் சகக் குறி, தெற்கிலிருந்து வந்ததற்குச் சயக் குறி. வர்க்கமூலம் எடுக்கும்போது பக்கத்தைத் தீர்மானிப்பது அந்தச் சின்னக் குறிதான். மெய்யெண்ணிலிருந்து சிக்கலெண்ணைக் கழிக்கச் சொன்னால், சீ மெய்யெண்ணை அப்படியே விட்டுவைக்கிறது. கனிசியசிடம் இருந்த பழைய பைதனோ முதலில் அதையும் சிக்கலெண்ணாக மாற்றிவிடுகிறது. கையில் ஒரு பூச்சியத்தைக் கொடுத்து, ‘இனி நீயும் எங்கடை ஆள்’ என்று. அந்தப் பூச்சியம் சேர்வதால் பெறுமதி குறைவதில்லை. சயக் குறி மட்டும் காணாமல் போய்விடும்.

4

ஹன்னா பருத்தித்துறை மெதடிஸ்த வீட்டுப் பிள்ளை. கனிசியஸ் கத்தோலிக்கன்; இருவருக்கும் கலியாணம் நிச்சயமாகிவிட்டது. கனிசியசின் அம்மா கிறிஸ்ரினா புட்டும் மீனும் பரிமாறிக்கொண்டே கேட்டது ஒன்றே ஒன்று: கலியாணத்துக்கு முன்னம் ஹன்னா கத்தோலிக்கத்துக்கு மாறவேண்டும்.

“ரெண்டும் ஒரே யேசுதானே பிள்ளை. உனக்கு என்ன குறையப்போகுது?”

[இந்த இடத்தில் கிறிஸ்ரினாவைக் கொடுமைக்காரியாக்கி ஒரு பந்தி எழுதி, பிறகு வெட்டிவிட்டேன். ஹன்னாவின் தட்டில் முள் எடுத்த மீனை வைத்த கை அது.]

ஹன்னா “ஓம் மாமி” என்றாள். ஆறு கிழமையாகக் குருவானவரிடம் வகுப்புக்குப் போகிறாள். மாறாமலே கட்டலாம், ஆயரின் அனுமதி போதும் என்று முதல் வகுப்பிலேயே அவர் சொன்னதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. வரும் ஞாயிறு அவளை ஏற்றுக்கொள்ளும் பூசை. அதற்குப் பிறகு, பன்னிரண்டு வயதிலிருந்து அவள் இரண்டாம் குரல் பாடிவரும் மெதடிஸ்தக் கோயிலின் பாடகர் வாங்கில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள். வாய் திறந்தால் மாமியின் மனம் முறியும். கலியாணமே நின்றாலும் நிற்கும்.

5

ஒரு முடிவு: ஞாயிற்றுக்கிழமை, வெள்ளைச் சேலை, கண்ணீரும் சிரிப்புமாய் இரண்டு குடும்பங்கள். என் வாசகர்களுக்குப் பிடிக்கும். அவளுக்குப் பிடிக்குமா?

இன்னொரு முடிவு: அவள் மோதிரத்தைக் கழற்றி

இல்லை. அவனில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

(உவமை இவ்வளவு வசதியாக வந்து உட்கார்ந்ததில் எனக்கும் சந்தேகம்தான். மனிதர்கள் எண்களா? ஆனால் அதை முதலில் கண்டவள் நானல்ல. அந்தக் குரல் ஏன் நடுங்கியது?)

6

ஆகவே பஸ்ஸுக்கே திரும்புகிறேன். கனிசியஸ் கைபேசி இணைப்பில் பைதனின் புதிய பதிப்பை இறக்கி, நிரலில் ஓர் எழுத்தும் மாற்றாமல் ஓடவிட்டான். கோடு தெற்குப் பக்கத்துக்குத் திரும்பிவிட்டது.

“பாரும், விதியை மாத்திப்போட்டாங்கள். இப்ப மெய்யெண்ணை மாத்தாமலே சேர்க்குதாம்.”

“இவ்வளவு வருசத்துக்குப் பிறகோ?”

“ஆரோ கேட்டிருப்பினம்.”

ஹன்னா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமி என்ன சொல்வார், ஞாயிறு எந்தக் கோயிலில் என்பதெல்லாம் உங்கள் கையில். கிறிஸ்ரினாவை என்னைவிட நல்லவராக எழுத உங்களால் முடியும் என்று நம்புகிறேன். நான் எழுதுவது அவள் மடிகணினியை மூடும்வரைதான்.

மூடினாள்.

“அப்ப நானும் ஒண்டு கேக்கிறன், கனிசியஸ். நான் மாறாமலே உங்களோடை வரவேணும். மாமியிட்டை நானே சொல்லுறன். நீங்கள் எனக்குப் பக்கத்திலை நில்லுங்கோ.”