ஹகுராய் ஏன் கெட்டவனானான்

"இன்னும் கொஞ்சம் கொடூரமா சிரிங்கக்கா" என்றான் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த வாசு.

வீரம்மா சிரித்தாள். காலையிலிருந்து இது பதினோராவது தடவை. எதிரே திரையில் ஹகுராய் நீண்ட வெள்ளை முடியை உதறி, தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்தான். அந்த வாய் மூடுகிறவரை அவள் சிரித்தாக வேண்டும். ஒரு வினாடி முன்னால் நிறுத்திவிட்டாலும் அவன் வெறும் காற்றைக் கடிப்பதுபோல் தெரியும். செராஸில் ஒரு டயர்க் கடையின் மேல்மாடியில் இருந்தது, ஜப்பான் கார்ட்டூனுக்கு மலாய்க் குரல் கொடுக்கும் அந்த ஒலிப்பதிவுக் கூடம். ஏர்கோன் சத்தம் மைக்கில் விழும் என்று பதிவு நேரத்தில் அணைத்துவிடுவார்கள். நாற்பத்து மூன்று வயதில், முதுகில் வியர்வை வழிய, கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு, எரிகிற ஓர் ஊரைப் பார்த்து மலாயில் சிரிப்பது அவளுக்கு அன்றைக்கு என்னவோ போலிருந்தது.

"இவன் எதுக்கு வாசு இப்பச் சிரிக்கிறான்?"

"எதுக்குன்னா? வில்லன் லா. ஊரு எரியுது, சிரிக்கிறான்."

"ஊரை எதுக்கு எரிச்சான்?"

வாசு கையிலிருந்த தாள்களை முன்னும் பின்னும் புரட்டினான். "அது போடலக்கா. ஜப்பான்காரன் அனுப்புனதே அவ்வளவுதான். நாலாவது பாகம்ல, இனிமே காரணத்துக்கு எங்க போறது? சிரிங்க, ஒரு மணிக்கு ரூம் விடணும்."

அவள் பன்னிரண்டாவது தடவையாகச் சிரித்தாள். அது சரியாக வந்துவிட்டது.

ஐந்து வருடங்களுக்கு முன்னால், தொண்ணூறாம் வருடம், இந்தக் கார்ட்டூனின் முதல் பாகம் வந்தபோது ஹகுராய் இப்படி இல்லை. வீரம்மா கிள்ளான் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். நம்பர் கேட்பவர்களுக்கு நம்பர் சொல்கிற வேலை. ஒருநாள் நம்பர் கேட்க அழைத்தவர் அதை எழுதிக்கொள்ளாமல், "உங்கள் குரல் ஆண் குரலா, பெண் குரலா?" என்று மலாயில் கேட்டார். வம்புக்காரன் என்று நினைத்து வைக்கப்போனாள். அவர் செராஸ் ஸ்டூடியோவின் முதலாளி. தாழ்ந்து, அவசரமே இல்லாமல், எதையோ அடக்கி வைத்திருப்பதுபோல் பேசுகிற ஒரு குரலை இரண்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தாராம். சனிக்கிழமைகளில் மட்டும் வந்தால் போதும் என்றார்.

அந்த முதல் பாகத்தில், நிலவுக் கோட்டையின் வாசலுக்குக் காவலாக நிறுத்தப்பட்ட பையன் ஹகுராய். மற்றவர்கள் எல்லாம் குதிரையேறி உலகம் பார்க்கப் போக, மாற்றிவிட ஆள் வரும், அதுவரை நில் என்று சொல்லி அவனை நிறுத்திவிட்டுப் போனார்கள். ஏழு வருடம் ஆனது. யாரும் வரவில்லை. எட்டாவது வருடம் அவன் வாசலை மூடினான். போனவர்கள் திரும்பி வந்து தட்டியபோது திறக்கவில்லை. அவன் செய்த கெட்டது அவ்வளவுதான். பனியில் அவர்கள் செத்தார்கள். கடைசி அத்தியாயத்தில் தானே வாசலைத் திறந்துவிட்டு, திறந்த கதவுக்கு வெளியே ஒரே ஓர் அடி எடுத்து வைத்துச் செத்துப்போனான். அந்தக் காட்சியைப் பேசி முடித்ததும் வீரம்மா ஸ்டூடியோக் கழிவறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு அழுதாள். துக்கத்தினால் வந்த அழுகை இல்லை. வயிற்றில் வெகுநாளாகக் கிடந்த எதையோ யாரோ கைவிட்டு எடுத்ததுபோல் இருந்தது.

அப்படிச் செத்தவனை இரண்டாம் பாகத்தில் எழுப்பிக் கொண்டுவந்தார்கள். முதல் பாகம் நன்றாக ஓடிவிட்டதுதான் காரணம். மூன்றாம் பாகத்தில் உலகத்தை அழிக்கப் புறப்பட்டான். இந்த நாலாம் பாகத்தில் அதோடு கோமாளியாகவும் ஆகிவிட்டான். கதாநாயகனின் அம்மா துடைப்பத்தோடு வந்தால் ஓடி ஒளிகிறான்.

வீட்டில் இதை அவளோடு பேசுகிற ஒரே ஆள் தம்பி மகள் ரமணி. பதினான்கு வயது. பள்ளி நோட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொரு பாகத்துக்கும் மார்க் போட்டு வைத்திருந்தாள். ஹகுராயின் குரல் தன் அத்தையினுடையது என்று வகுப்பில் ஒருதடவை சொல்லி, யாரும் நம்பாமல் சிரித்ததில் அதற்குப் பிறகு சொல்வதை விட்டுவிட்டாள்.

"ஃபர்ஸ்ட் பார்ட்ல அவன் மெதுவா பேசுனாலே பயமா இருக்கும் அத்தை. ஏன்னா அவன் சொல்றது சரின்னு தோணும். அவன் எடத்துல நான் இருந்தாலும் கதவ சாத்தியிருப்பேன்னு தோணும். இப்ப கத்துறான், எரிக்கிறான், ஒண்ணுமே இல்ல. பயமும் இல்ல, பாவமும் இல்ல."

"எத்தன மார்க்கு?"

"முப்பது. அதுவும் ஒங்க குரலுக்கு."

ப்ரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இரண்டு அறை வீடு. அப்பா இருந்த வேலையில் தம்பி இராமலிங்கம் சேர்ந்ததால் வீடு கைவிட்டுப் போகவில்லை. தம்பி மனைவி தங்கமணி ஷா ஆலம் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலைக்குப் போனாள். வீரம்மா காலை நாலரைக்கு எழுந்து ஐந்து பேருக்குச் சமைத்துவிட்டு ரயிலேறிக் கிள்ளானுக்குப் போய், திரும்பி வந்து மறுபடி சமைத்து, ரமணிக்கும் அவளுடைய தம்பிக்கும் பாடம் சொல்லிக்கொடுத்து, கூடத்தில் பாய் விரித்துப் படுப்பாள். படுக்கிற இடத்துக்குக் கதவு கிடையாது. சேலை மாற்ற வேண்டுமென்றால் குளியலறைக்குத்தான் போக வேண்டும். இருபது வருடமாக இப்படித்தான். பிள்ளைகளை டிவி அணைக்கச் சொல்வதும், படிக்க உட்கார வைப்பதும், ஐஸ் கேட்டால் கூடாதென்பதும் அவள் வேலை. "அத்தை கேட்டா கத்தும்" என்று தங்கமணி பிள்ளைகளிடம் சொல்வாள். வேண்டாமென்று சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் வீரம்மாவின் கணக்கில் போட்டுவிட்டு அவள் நல்ல அம்மாவாக இருந்தாள்.

கிள்ளானில் ஏழைகளுக்கான அடுக்குமாடி வீட்டுக்கு வீரம்மா முதல் தடவை மனுப்போட்டு, கிடைத்தபோது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வேண்டாமென்று அவளே எழுதிக்கொடுத்தாள். அப்பா மூன்று வருடம் கிடந்து இறந்தார். பிறகு மறுபடி மனுப்போட்டாள். நாலு வருடமாகிறது. கூட வேலை செய்யும் ஒருத்தியின் வீட்டு மனுவுக்கு விடை வந்துவிட்டதென்று கேள்விப்பட்டதும், அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு ஷா ஆலத்துக்குப் பஸ் ஏறினாள். கார் வைத்திருப்பவர்களுக்காகக் கட்டிய ஊர் அது. பஸ் நின்ற இடத்திலிருந்து, வீட்டு மனுக்களைப் பார்க்கும் அரசாங்க அலுவலகம் வரைக்கும் நிழலே இல்லை.

கவுண்டரிலிருந்த மலாய்ப் பெண் கோப்பைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத்தான் கிடைத்ததே அக்கா. நீங்கள்தானே வேண்டாமென்றீர்கள்?" என்று கேட்டாள். தாளைத் திருப்பிக் காட்டினாள். மூன்றாவது மாடி, இரண்டு அறை. கீழே, குடும்பக் காரணங்களால் இந்த வீட்டை ஏற்க இயலவில்லை என்ற வரி. அதன் கீழே வீரம்மாவின் கையெழுத்து. அவள் போடாத கையெழுத்து. 'வீ'யின் மேல்சுழியை அவ்வளவு நீளமாக இழுப்பவன் அவள் தம்பி ஒருவன்தான். சின்ன வயதில் அவன் கையைப் பிடித்துத் தமிழ் எழுதப் பழக்கியவள் அவள்.

போலிக் கையெழுத்து என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் போலீஸ், தம்பியின் ரயில்வே வேலை, அந்த வேலையோடு வந்த வீடு, அந்த வீட்டிலிருக்கிற பிள்ளைகள். ஒவ்வொன்றாக அவள் கண்முன் வரிசையில் வந்து நின்றன. "ஆமாம், மறந்துவிட்டேன்" என்றாள். அந்தப் பெண் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் புது மனுப் பாரம் ஒன்றை நீட்டினாள். மறுபடி முதலிலிருந்து.

வீட்டுக்கு வந்தபோது இராமலிங்கம் வேலைவிட்டு வந்து, பனியனோடு உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தான். தங்கமணி இன்னும் வரவில்லை. பிள்ளைகள் வெளியில்.

"லிங்கம், கிள்ளான் வீட்டு லெட்டர் வந்துச்சா?"

அவன் குவளையைக் கீழே வைத்தான். பொய் சொல்லப் போகிறான் என்று நினைத்தாள். ஆனால் அவன் பொய் சொல்லவில்லை.

"வந்துச்சுக்கா. ரெண்டு மாசம் இருக்கும். நான்தான் வேணாம்னு எழுதிப் போட்டுட்டேன்."

"ஏன்டா?"

"தனியா ஒனக்கு எதுக்குக்கா?"

"அது எனக்குத் தெரியும். நீ ஏன் எழுதுனேன்னு கேக்கறேன்."

அவன் உண்மையிலேயே யோசித்தான். நெற்றியைச் சுருக்கி, பெஞ்சின் விளிம்பை நகத்தால் சுரண்டி, தனக்குள் எங்காவது காரணம் கிடக்கிறதா என்று தேடுவது அவள் கண்ணுக்கே தெரிந்தது. நீ போனால் சோறு யார் ஆக்குவது என்று சொல்லியிருக்கலாம். உன் சம்பளம் இல்லாமல் முடியாது என்று சொல்லியிருக்கலாம். அக்காவை வெளியே அனுப்பிவிட்டான் என்று ஊர் பேசும், பயந்தேன் என்று சொல்லியிருக்கலாம். எதைச் சொல்லியிருந்தாலும் அவள் கத்தியிருப்பாள், சண்டை போட்டிருப்பாள், ஒருவேளை மன்னித்தும் இருப்பாள்.

"சும்மாதான்க்கா" என்றான் கடைசியில். "லெட்டரு வந்துச்சு. பாரத்த பார்த்தேன். எழுதிப் போட்டுட்டேன்." பிறகு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இங்க ஒனக்கு என்னக்கா கொறச்சல்?" என்றான். அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

மணி ஆறாகியிருந்தது. அரிசியைக் கழுவப் போனாள். தண்ணீரில் கை அளைந்துகொண்டிருக்கும்போதுதான், இவனை வெறுப்பதற்குக்கூடத் தனக்கு ஒரு பிடி கிடைக்கவில்லையே என்று தோன்றியது. கதவைச் சாத்தினவனுக்கு அதைச் சாத்தினோம் என்பதே தெரியவில்லையென்றால், அவனிடம் போய் எதைத் திற என்று கேட்பது?

அடுத்த சனிக்கிழமை நாலாம் பாகத்தின் கடைசி அத்தியாயம். ஹகுராயைப் பிடித்துக் கயிற்றால் கட்டிப் போட்டிருக்கிறார்கள். கதாநாயகன் முன்னால் வந்து நின்று, ஏன் இப்படியெல்லாம் செய்தாய் என்று கேட்கிறான். அதற்கு ஹகுராய் கண்ணை உருட்டி, "சாஜா!" என்கிறான். சும்மாதான். பிறகு பத்து வினாடி சிரிக்கிறான். அதோடு எல்லோரும் சிரிக்க, படம் முடிகிறது.

வீரம்மா தாளைப் படித்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

"ரெடியாக்கா?"

"ஓடவிடு."

திரையில் ஹகுராய் வாயைத் திறந்தான். வீரம்மா சிரிக்கவில்லை. ஐந்து வருடத்துக்கு முந்தைய குரலில், மெதுவாக, மலாயில் பேசினாள். "ஏழு வருஷம் வாசல்ல நிறுத்தி வெச்சீங்க. மாத்திவிட ஆள் வரும்னீங்க. நான் காலை மாத்தி மாத்தி நின்னேன். வரலைன்னு ஒருத்தர்கூட ஞாபகம் வெச்சுக்கல." உருட்டின கண்ணும் ஆடின தலையும் அந்தச் சொற்களோடு சேர்ந்து, கோமாளித்தனம் போய், கட்டுக்குள் திமிறுகிற ஒருவனுடையதாக மாறின. வாய் மூடிய அதே கணத்தில் சொல்லும் முடிந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாசு டேப்பைப் பின்னுக்கு ஓட்டி ஒருதடவை கேட்டான். மறுபடி ஓட்டிக் கேட்டான்.

"இது ஸ்கிரிப்ட்ல இல்லியேக்கா."

"வாய்க்குச் சரியா இருக்கா இல்லையா?"

"அதெல்லாம் கச்சிதமா இருக்கு." தலையைச் சொறிந்தான். "எடிட்ல யாராச்சும் கேட்டா? அடுத்த பாகத்துக்கு ஒங்கள கூப்பிட மாட்டாங்க."

"கூப்பிட வேணாம்."

அவன் மைக்கை அணைத்தான். பிறகு டேப்பைக் கழற்றி, மேலே பேனாவால் அத்தியாய எண்ணை எழுதி, முடிந்தவற்றின் அடுக்கில் வைத்தான்.

திங்கட்கிழமை அவள் புதுப் பாரத்தை நிரப்பினாள். கடிதம் அனுப்ப வேண்டிய முகவரி என்ற இடத்தில் கிள்ளான் தொலைபேசி நிலையத்தின் முகவரியை எழுதினாள். இன்னும் நாலு வருடம். அப்போது அவளுக்கு நாற்பத்தேழு.

கடைசி அத்தியாயம் டிவியில் வந்த அன்று மாலை எல்லோருமே வீட்டில் இருந்தார்கள். வீரம்மா சாம்பார் கரண்டியோடு சமையலறை வாசல்நிலையில் நின்றாள். கயிற்றால் கட்டப்பட்ட ஹகுராய் திரைக்கு வந்தான். சிரிக்கத் தயாராக இராமலிங்கம் காலை மடக்கி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். சரியாக அந்த நேரம் வீட்டுக்குப் பின்னால் சரக்கு ரயில் ஒன்று போயிற்று. ஜன்னல் அதிர்ந்தது. படம் கோடுகோடாகக் கிழிந்து ஹகுராயின் முகம் காணாமல் போனது. குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஏழு வருஷம் வாசல்ல நிறுத்தி வெச்சீங்க. தங்கமணி காய் நறுக்குவதை நிறுத்தினாள். நிலையில் நிற்கிற நாத்தனாரை ஒருதடவை பார்த்தாள், டிவியை ஒருதடவை பார்த்தாள். ரமணி திரும்பவே இல்லை. முதுகு நேராகி, இரண்டு கையாலும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சனியன், நல்ல எடத்துல போயிருச்சு" என்று இராமலிங்கம் எழுந்து வெளியே ஓடினான். ஏரியல் கம்பம் திரும்புகிற கீச்சுச் சத்தம் கூரைக்கு மேலிருந்து வந்தது. குரல் பேசி முடித்திருந்தது. திரையில் புள்ளிகள் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தன.

"இப்பத் தெரியுதா?" வெளியிலிருந்து கத்தினான்.

ரமணி மெல்லத் திரும்பி அத்தையைப் பார்த்தாள். கரண்டியிலிருந்து சாம்பார் ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

கம்பம் இன்னும் கொஞ்சம் திரும்பியது.

"இப்ப? அக்கா, இப்பத் தெரியுதா?"