ஒன்றரை அடி ஏணி

அந்தப் பம்பு கம்பெனியிலிருந்து நாற்காலிகள் போன கதை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் டீ குடிக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கிருந்தோ ஓர் ஆலோசகர் வந்தார். மூன்று நாள் லைனைச் சுற்றிச் சுற்றி நடந்தார். உட்கார்ந்த மனுஷன் யோசிக்க ஆரம்பிக்கிறான், யோசிக்க ஆரம்பித்தவனுக்குக் கை நின்றுவிடுகிறது என்று நாற்பது பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு பதினோரு மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்ந்தார். மறுநாளே இரண்டு லாரிகள் வந்து நூற்று நாற்பது நாற்காலிகளையும் அறுபது ஸ்டூல்களையும் அள்ளிக்கொண்டு போயின. தரையில் உட்காரலாமே என்றால், தரை முழுக்க மஞ்சள் கோடு போட்டு, கோட்டுக்குள் பாதம் மட்டும்தான் படலாம் என்று போர்டு மாட்டிவிட்டார்கள். கேட் பக்கம் படுத்துக்கிடந்த செவலை நாய்கூட அன்றிலிருந்து நின்றுகொண்டேதான் தூங்கியது. பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அங்கேதான் சாலமோன் பேக்கிங் ஷெட்டில் தச்சு வேலை பார்த்தான். வெளிநாட்டு மெஷின்களைச் சுற்றி வருகிற பைன் பலகையைப் பிரித்து, இங்கிருந்து போகிற பம்புகளுக்குப் பெட்டி அடிக்க வேண்டும். அவன் பெண்டாட்டி விக்டோரியா அடுத்த ஷெட்டில் ஏழாம் நம்பர் டேபிளில் வால்வுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். இரண்டு பேரும் ஆரம்பாக்கத்திலிருந்து யூனிட் ரயிலில் நின்றுகொண்டே வருவார்கள். எட்டு மணி நேரம் நிற்பார்கள். நின்றுகொண்டே திரும்பிப் போவார்கள். கல்யாணமான புதிதில் அவளுக்கு வயலில் நாற்று நடுகிற வேலை.

"பாதி ஆயுசு குனிஞ்சே போச்சு. மீதி நின்னே போவுது. நடுவுல உக்கார்றதுன்னு ஒண்ணு கீதாமே, அது எந்த வயசுலய்யா வரும்?" என்று ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே கேட்பாள்.

சாலமோன் நின்றபடியே கண்ணயர்ந்திருப்பான். அசதி அந்த வீட்டில் மூன்றாவது ஆள். காலையில் அவர்களோடு எழுந்து, அவர்களோடு ரயிலேறி, சாயங்காலம் திரும்பி வந்து, சோற்றில் பங்கு கேட்காமல் பாயில் மட்டும் பங்கு கேட்கும். நடுவில் படுத்துக்கொள்ளும்.

மாசி மாதத்தில் விக்டோரியாவுக்குக் கணுக்காலுக்கு மேலே நரம்பு புடைத்து, புடைத்த இடத்தில் ஒரு புண் வந்தது. வந்தது போகவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, மணிக்குப் பத்து நிமிஷம் காலை நீட்டி உட்கார்ந்தால் ஆறும், இப்படியே நின்றுகொண்டிருந்தால் புண் எலும்புவரை போகும் என்று சொன்னாள்.

"அந்தம்மாவே நின்னுக்கினுதான்யா சொல்லிச்சு," என்றாள் விக்டோரியா. "வரிசை கேட்டு வரைக்கும் நிக்குது. பாவம், அதுக்கும் சேர் இல்ல."

லீவு போடலாம் என்றால், காண்டிராக்ட் ஆட்களுக்கு மூன்று நாள் வராவிட்டால் கேட் பாஸ் போய்விடும். உட்கார அனுமதி கேட்டு மேனேஜரிடம் போனாள். ஒருத்தியை உட்காரவிட்டால் இருநூறு பேரும் உட்கார்ந்துவிடுவார்கள் என்று அவர் சொன்னார். அதில் தப்பில்லை. இருநூறு பேரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள்.

அன்றைக்கு மதியம் சாலமோன் ஷெட் தூணில் சாய்ந்தபடி தயிர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எதிர்த் தூணில் ஓர் அலுமினிய ஏணி சாய்ந்திருந்தது. அதன் கழுத்தில் பச்சை அட்டை தொங்கியது. லைனுக்குள் இருக்கிற எந்தச் சாமானுக்கும் சேஃப்டி ஆபீசர் கையெழுத்துப் போட்ட பச்சை அட்டை வேண்டும். நாற்காலிக்கு அட்டை கிடையாது. ஏணிக்கு உண்டு. கவளத்தை வாயில் வைத்த சாலமோன் மெல்லுவதை நிறுத்தினான். நாற்காலி ஏணியாக இருந்துவிட்டால் யார் என்ன சொல்ல முடியும்?

அவன் முதலில் செய்தது ஏணியாகப் பிரிந்தது, நாற்காலியாக மடங்க மறுத்துவிட்டது. நான்கு பேர் பிடித்து அமுக்கியும் மடங்காமல் கடைசியில் பெட்டியோடு பெட்டியாகக் கப்பலேறிப் போய்விட்டது. இரண்டாவது, மடங்கும்போது வெட்டுக்கிளி மாதிரி எகிறி ஏழடி தள்ளிப் போய் நின்றது. வாட்ச்மேன் சுப்பிரமணி அதைத் துரத்திப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்து, "கட்டிப் போட்டு வளங்க," என்றார். மூன்றாவது, சாலமோனின் இடதுகைச் சுண்டுவிரல் நகத்தை வாங்கிக்கொண்டுதான் மடங்கியது.

நான்காவதில் வழி கிடைத்தது. மாதிரிக்குச் சின்னதாக ஒரு நாற்காலியைச் செய்து, அதன் மேல்பாதி கீழ்ப்பாதி இரண்டும் தனித்தனியாக வரும்படி பக்கவாட்டில் சரிவாக அறுத்தான். உட்காரும் பலகையின் முன் ஓரத்தில் இரண்டு பித்தளைக் கீல். முதுகைப் பிடித்து முன்னால் புரட்டிப் போட்டால் நாற்காலியின் முதுகு தரையில் ஊன்றிக்கொள்ளும், கால்களுக்கு நடுவில் போட்ட சட்டங்கள் படிகளாகிவிடும். நான்கு படி. உட்காரும் உயரம் எவ்வளவோ, ஏணி அதைப்போல் இரண்டு பங்கு. திருப்பிப் புரட்டினால் மறுபடியும் நாற்காலி. ஒரு கொக்கி, ஒரு கீச்சுச் சத்தம், அவ்வளவுதான்.

இனி அளவு எடுக்க வேண்டும். கம்பெனியில் அளந்து பார்க்க ஒரு நாற்காலி இல்லை. வீட்டிலும் கிடையாது, இருப்பது கால் வைத்த மணைதான். ஞாயிற்றுக்கிழமை விக்டோரியா மணையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு மீன் ஆய்ந்தாள். சாலமோன் டேப்பை எடுத்துப் போய்ப் பின்னாலிருந்து அளந்தான்.

"இன்னாய்யா, பொட்டிக்கு அளவெடுக்கறியா?"

"ஆடாத குந்துமே. இப்படிக் குந்தினா உனக்குத் தோதா கீதா?"

"இதைவிட இன்னா தோது?"

ஒன்பது இஞ்ச். சாலமோன் பலகையில் பென்சிலால் எழுதிக்கொண்டான். அடுத்த ஞாயிறு, செய்து முடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டான். விக்டோரியா உட்கார்ந்து முதுகைச் சாய்த்தாள். "பரவால்லயே, இது..." என்று ஆரம்பித்தவள் அடுத்த வார்த்தைக்குள் தூங்கிப்போனாள். சர்ச் மணி அடித்தது. மீன்காரி கங்கம்மா வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். சென்னைக்குப் போகிற மூன்று ரயில்கள் போயின. விக்டோரியா எழுந்தபோது வெயில் சுவரை விட்டு இறங்கியிருந்தது. சாலமோனுக்கு அது போதும். வேறு எதையும் அவன் யோசிக்கவில்லை. யோசிக்கிற அளவுக்கு அவன் உட்காரவும் இல்லை.

அட்டை மாட்டுகிற நாள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். இந்த முறை வெள்ளிக்கிழமை. அதை விட்டால் அடுத்தது ஆடியில்தான். அதுவரை அந்தப் புண் காத்திருக்காது. வெள்ளிக்கிழமை காலை, விக்டோரியாவின் ஷெட்டில் லைன் ஓரமாக, கூட வேலை பார்க்கிற சின்னதுரை ஏணியைப் பிரித்து வைத்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் நின்று பார்த்தான். ஏணியின் உச்சிப்படி அவன் முழங்காலைத் தொட்டது.

"மாமா, இது ஏணியா, கோழி ஏர்றதுக்குப் படியா?"

சாலமோன் அப்போதுதான் அதை ஏணியாகப் பார்த்தான். பதினெட்டு இஞ்ச். படிக்குப் படி நாலரை இஞ்ச். உலகத்தில் ஒருவனும் இப்படி ஓர் ஏணி செய்திருக்க மாட்டான்.

"சேர் ஒசரம் பதினாறு பதினேழு இஞ்ச் இருக்கும் மாமா. நீ எதுலேந்து அளந்தே?"

"மணைலேந்து."

சின்னதுரை சிரிக்க ஆரம்பித்தான். சிரித்து முடிக்கத் தெம்பில்லாமல் பாதியில் விட்டுவிட்டான்.

மாற்றிச் செய்ய நேரமில்லை. பத்து மணிக்கு சேஃப்டி ஆபீசர் ஜகந்நாதன் வந்துவிட்டார். திருவள்ளூரில் பெருமாள் கோயில் கைங்கர்யக் குடும்பம். அப்பாவும் அண்ணனும் சன்னிதியில் நிற்கிறார்கள், இவர் சேஃப்டியில் நிற்கிறார். விடிவதற்கு முன் கிளம்பி, மூன்று பஸ் மாறி, நெற்றியில் போட்ட நாமம் வேர்வையில் அழியாமல் கும்மிடிப்பூண்டி வந்து சேர்வதே ஒரு சாமர்த்தியம். கையில் நாற்பத்தேழு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் வைத்திருந்தார். அந்தக் கேள்விகளில் தப்பிப் பிழைத்த சாமான் அபூர்வம் என்று பேர்.

"இது என்ன?"

"ஏணி சார்."

ஜகந்நாதன் ஏணியைத் தேடுகிறவர் மாதிரி சுற்றிலும் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார்.

"உயரம்?"

"ஒன்றரை அடி சார்."

"இதுல ஏறி எதை எட்டப் போறீங்க?"

சாலமோன் ஓரக்கண்ணால் பார்த்தான். ஏழாம் நம்பர் டேபிளிலிருந்து விக்டோரியா ஒரு காலைத் தூக்கி மறு காலில் வைத்தபடி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் ஒசரத்துல கீற வேலைக்கு சார்."

"எவ்ளோ கொஞ்சம்?"

"ஒன்றரை அடி சார்."

ஜகந்நாதன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. படிவத்தைப் புரட்டினார். ஆறடிக்கு மேல் என்றால் பெல்ட்டும் கயிறும். இரண்டடியிலிருந்து ஆறடி வரைக்கும் ஹெல்மெட்டும், பிடித்துக்கொள்ள ஓர் ஆளும், பர்மிட்டும். இரண்டடிக்குக் கீழே... ஒரு பக்கம் தள்ளினார், இன்னொரு பக்கம் தள்ளினார், கடைசிப் பக்கத்தின் பின்புறத்தையும் பார்த்தார். இரண்டடிக்குக் கீழே ஏணி இருக்க முடியும் என்று அந்தப் படிவத்தை எழுதியவருக்குத் தோன்றவே இல்லை.

"இதுக்கு விதியே கிடையாதே," என்றார், தனக்குத்தானே.

பாரம் தாங்குகிறதா என்று பார்க்க அவரே ஏறினார். நான்கு படி ஏறி, உச்சியில் நின்று, ஒன்றரை அடி உயரத்திலிருந்து கம்பெனியை ஒருமுறை பார்த்தார். இறங்கும்போதுதான் பித்தளைக் கீல்கள் கண்ணில் பட்டன. குனிந்து கொக்கியை எடுத்தார். முதுகைப் பிடித்து இழுத்தார். கீச்சென்று புரண்டு, நாற்காலி எல்லோர் முன்னாலும் நின்றது.

லைனில் கைகள் நின்றன. அந்த ஆலோசகர் இருந்திருந்தால் அங்கேயே உயிரை விட்டிருப்பார்.

ஜகந்நாதன் சாலமோனைப் பார்த்தார். விரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். சாலமோன் கண் போன திசையில் பார்த்து, ஏழாம் நம்பர் டேபிளுக்குக் கீழே கட்டுப்போட்ட காலையும் பார்த்தார். அவள் மேனேஜரிடம் கேட்டுக் கிடைக்காத பத்து நிமிஷம் கம்பெனி முழுக்கத் தெரிந்த விஷயம். அப்புறம் பேண்ட்டைத் தொடையில் சற்றுத் தூக்கிவிட்டுக்கொண்டு, மெதுவாக அதில் உட்கார்ந்தார். முட்டி இரண்டும் மார்புக்கு நேராக வந்தன. காலை நீட்டினார். நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு மூச்சு வந்தது. அது அவர் காலையில் திருவள்ளூரில் இழுத்த மூச்சு, இப்போதுதான் வெளியே வந்தது என்று சின்னதுரை பிறகு சொன்னான். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்பதில் இன்றும் தகராறு இருக்கிறது. நாலு நிமிஷம் என்பார்கள், நாற்பது என்பார்கள்.

"பாருங்கோ," என்றார் கடைசியில், உட்கார்ந்தபடியே. "ஏணியைப் பிரிச்சு வெச்சா யாராவது தடுக்கி விழுவாங்க. உபயோகத்துல இல்லாத ஏணியை மடக்கித்தான் வைக்கணும். அது விதி."

"சரிங்க சார்."

"மடக்கினா இது இப்படித்தான் இருக்குமா?"

"இப்படித்தான் சார் இருக்கும்."

"மடக்கி வெச்ச ஏணி சரிஞ்சு யார் மேலயும் விழக்கூடாது. மேல பாரம் வைக்கணும். மணிக்குப் பத்து நிமிஷமாவது." படிவத்தில் எழுதினார். "எங்க வெக்கப் போறீங்க?"

"ஏழாம் நம்பர் டேபிள் சார்."

"அங்க யார் இருக்காங்களோ அவங்க பொறுப்பு," என்றவர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. சாலமோன் கை கொடுத்தான். பச்சை அட்டையில் ‘ஏணி, ஒன்று’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தன் கையாலேயே அதன் முதுகில் கட்டிவிட்டுப் போனார்.

பதினோரு மணிக்கு விக்டோரியா உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் டேபிளுக்குப் பின்னால் காணாமல் போனாள். லைன் சூப்பர்வைசர் பென்னி ஓடி வந்தான்.

"ஏழாம் நம்பர் எங்க? விக்டோரியாக்கா எங்க?"

"ஏணி மேல கீது," என்றாள் எட்டாம் நம்பர் டேபிள் மணியம்மாள், கையை நிறுத்தாமல்.

பென்னி அண்ணாந்து கூரையைப் பார்த்தான். இரும்புச் சட்டம் ஒவ்வொன்றாகத் தேடினான். ஃபேன் மேலேகூடப் பார்த்தான். பத்து நிமிஷமும் அதிலேயே போய்விட்டது.

சாலமோன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அங்கே வந்தான். விக்டோரியா செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டுப்போட்ட காலை நீட்டி, கண்ணை மூடியிருந்தாள். புண்ணைச் சுற்றி இருந்த வீக்கம் அதற்குள் வடிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் அவன் குனிந்து பார்த்தான்.

"நல்லாக்கீதாமே?"

"நல்லாத்தான்கீது. ஏந்துக்கத்தான் பேஜாரு. நைட்டு ஊட்டுக்குப் போயி நாலு இஞ்ச் ஒசத்திக் குடுய்யா."

சாலமோன் மனசுக்குள் கணக்குப் போட்டான். பதிமூன்று. பதிமூன்றுக்கு ரெண்டு பங்கு இருபத்தாறு.

"நாலு இஞ்ச் ஒசத்தினா ஏணி ரெண்டடியைத் தாண்டிரும்மே. அப்புறம் நீ ஹெல்மெட் போட்டுக்கினு, உன்னைப் பிடிச்சுக்க ஒரு ஆளையும் வெச்சுக்கினுதான் குந்தணும்."

விக்டோரியா கண்ணைத் திறக்காமல் கொஞ்ச நேரம் யோசித்தாள். உட்கார்ந்தால் யோசனை வரும் என்பது உண்மைதான்.

"ஹெல்மெட் போட்டுக்கறேன். ஆளா நீ வா. என்னைப் பிடிச்சுக்கற சாக்குல நீயும் பத்து நிமிஷம் சாஞ்சுக்கலாம்."

பத்து நிமிஷம் முடிந்தது. சாலமோன் அவள் இரண்டு கையையும் பிடித்து இழுத்தான். அவள் பாதி வந்தாள், நின்று மூச்சு வாங்கினாள், மீதியும் வந்தாள். பென்னி இன்னும் மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.