தெரியாத கை

கேள்வியை முடித்து மூச்சு விடுவதற்குள் வகுப்பில் அத்தனை கைகளும் மேலே போயின. கணக்கு டீச்சருக்கு உடனே சந்தேகம் தட்டியது. பின்னம் நடத்தும் வாரத்தில் எந்த வகுப்பிலும் எல்லாக் கையும் எழும்பாது. எழும்பினால் யாரோ உள்ளே புகுந்து வேலை பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கேள்வி சாதாரணமானது. மூன்றில் ஒரு பங்கு பெரிதா, நான்கில் ஒரு பங்கு பெரிதா? மூன்றைவிட நான்கு பெரிது என்பதால் பாதி வகுப்பு வருஷா வருஷம் இந்த இடத்தில் கவிழும். கவிழட்டும் என்றுதான் அவர் கேட்பதும். மற்ற ஆசிரியர்கள் தெரிந்தவர்களைக் கை தூக்கச் சொல்வார்கள். இவர் தெரியாதவர்களைக் கை தூக்கச் சொல்வார். அவர்களை வைத்துத்தான் பாடம் தொடங்கும். தெரிந்த பிள்ளையை எழுப்பி நிறுத்திப் பதில் வாங்க ஒரு வாத்தியார் எதற்கு, அந்த ஆளுக்குச் சம்பளம் எதற்கு என்பது அவர் கட்சி.

அன்று "தெரியாதவங்க கையைத் தூக்குங்க" என்று சொல்ல இடமே கிடைக்கவில்லை. உற்றுப் பார்த்தார். பாதிப் பேர் வலது கையையும் மீதிப் பேர் இடது கையையும் தூக்கியிருந்தார்கள்.

"சுருட்டை, எழுந்திரு. நீ சொல்லு."

கடைசி பெஞ்சில் இடது கையோடு உட்கார்ந்திருந்த சுருட்டை முடிக்காரி எழுந்தாள். வகுப்பு கிளுகிளுவென்று சிரித்தது. அவளுக்கோ அநியாயம் நடந்துவிட்ட முகம்.

"டீச்சர், நான் இந்தக் கையைத்தானே தூக்கினேன்?"

"அதுக்கு?"

"இது தெரியாத கை டீச்சர். இதைத் தூக்கினா கேக்கக் கூடாது."

முன்வரிசையிலிருந்து ஒருத்தி ஆசை ஆசையாக விளக்கினாள். "மேலேருந்து பள்ளிக்கூடத்தைப் பாக்க வர்றாங்கல்ல டீச்சர், அதுக்கு. பி.டி. மாஸ்டர் மைதானத்துல வச்சுப் பழக்கினாரு. தெரிஞ்சா வலது கை, தெரியலன்னா இடது கை. சும்மா யாரும் உக்காந்திருக்கக் கூடாது. ஹெட்மாஸ்டர் சாரும் நின்னு பாத்தாரு. சூப்பர்னு சொன்னாரு."

"நல்லா இருக்கு டீச்சர்," என்றாள் சுருட்டை. "முன்னெல்லாம் நீங்க எப்பக் கூப்பிடுவீங்களோன்னு பயமா இருக்கும். இப்ப நிம்மதியா இருக்கு."

டீச்சர் சாக்பீஸை மேசைமேல் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்தது. எடுக்கவில்லை. போன மாதம்வரை இந்தப் பெண் இடைவேளையில் வந்து, "இன்னொரு தடவை சொல்லுங்க டீச்சர்" என்று உயிரை எடுப்பாள். இரண்டு வாரமாக வரவில்லை. புரிந்துவிட்டது போல என்று டீச்சர் நினைத்திருந்தார். புரிந்தது எதுவுமில்லை. கூச்சமே இல்லாமல் புரியாமலிருக்க அவளுக்கு ஒரு கையைக் காட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

டீச்சர் நேராகத் தலைமையாசிரியரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சுவரில் மாட்டியிருந்த படத்திலிருந்து அப்பா முறைத்தார். அதே அறையில், அதே நாற்காலியில் இருந்தவர். அந்த மனிதரின் பெயரால்தான் இன்னமும் தெரு அவர்கள் வீட்டை வாத்தியார் வீடு என்கிறது. இப்போது அந்த நாற்காலியில் இருந்தவன் டீச்சரின் தம்பி. அவனை வாசல் தாண்டினால் "சார்" என்றும் வீட்டுக்குள் "தம்பி" என்றும் கூப்பிடுவார். இரண்டையும் ஒருநாளும் கலந்ததில்லை.

"சார், மைதானத்துல கை தூக்கக் கத்துக் குடுத்தீங்களாமே."

அவன் பேனாவை மூடினான். "உக்காருக்கா."

"டீச்சர்னு சொல்லுங்க. இது வீடில்ல."

"சரி டீச்சர், உக்காருங்க. எல்லா ஸ்கூல்லயும் நடக்குறதுதான். இந்தத் தடவை மார்க்கு குறைஞ்சா மேல் வகுப்பு ரெண்டையும் பிரிச்சு வேற ஸ்கூலோட சேத்துடுவாங்க. அப்பா கட்டிக் காப்பாத்தின இடம். என் கையில இருக்கும்போது பாதியாப் போகணுமா?"

"அப்பாவை இழுக்காதீங்க. அவர் படத்துக்குக் கீழ உக்காந்து இதைப் பேச உங்களுக்கு வாய் வருதே, அதுவே பெருசு."

"பசங்க கையைத் தூக்குறதுல என்ன குடி முழுகிப்போச்சு?"

"தெரியலங்கறதை வாய்விட்டுச் சொல்ல வைக்கறதுக்கு எனக்கு அரை வருஷம் ஆவுது. நீங்க ஒரு விளையாட்டுப் பீரியட்ல அதை ஒளிச்சு வைக்கக் கத்துக் குடுத்துட்டீங்க."

"அப்ப ஆய்வு அன்னிக்கு லீவு போட்டுடுங்க. உங்க வகுப்பை நான் பாத்துக்கறேன்."

"லீவா? இத்தனை வருஷத்துல ஆய்வுன்னு எவன் வந்தாலும் நான் வகுப்புல நின்னிருக்கேன். இப்ப ஓடி ஒளியணுமா?"

அன்று சாயங்காலம் வீட்டில் தட்டு வைக்கும்போதே தம்பி மனைவி ஆரம்பித்தாள். அவளுக்கு நாக்கு நீளம். மனசில் வைத்துக்கொண்டு குமைகிற ரகம் இல்லை என்பதால் டீச்சர் பொறுத்துக்கொள்வார்.

"ஏன் அண்ணி, ஊர்ல சொத்துக்குச் சண்டை போடுவாங்க, எல்லைக்குச் சண்டை போடுவாங்க. நம்ம வீட்ல எந்தக் கையைத் தூக்கறதுன்னு சண்டையா?"

"நீ குழம்பை ஊத்து."

"ஊத்தறேன். இந்தக் கையால ஊத்தலாமா, அந்தக் கையால ஊத்தணுமா, அதையும் சொல்லிடுங்க."

தம்பி சிரித்துவிட்டான். டீச்சர் சிரிக்கவில்லை. கோபம் இருக்கும்போது சிரிப்பது அவர் பரம்பரையில் இல்லை.

ஆய்வு நாளும் வந்தது. வராந்தாவைக் கழுவி, உடைந்த பெஞ்சுகளைப் பின்னால் ஒளித்து, பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்து வாரிவிட்டு, பள்ளிக்கூடம் கல்யாண வீடு மாதிரி நின்றது. ஆய்வுக்கு வந்தது ஓர் அம்மாள். மெலிந்த உடம்பு, தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேசாத வாய். தம்பி அவரை நேராகக் கணக்கு வகுப்புக்கே அழைத்து வந்தான். டீச்சருக்கு அதன் கணக்கு புரிந்தது. வெளியாள் முன்னால் அக்கா தம்பியை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று பந்தயம் கட்டியிருக்கிறான்.

அந்தப் பந்தயம் தப்பும் இல்லை. வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது என்று அவனுக்குச் சொல்லி வளர்த்ததே அவர்தான்.

தம்பியே கேட்டான். "ஐந்தில் ஒரு பங்கு பெரிதா, ஆறில் ஒரு பங்கு பெரிதா?"

கைகள் பறந்தன. அதிகாரி அம்மாள் முகத்தில் ஒரு மலர்ச்சி. தம்பி பெருமையோடு அக்காவைப் பார்த்தான். "நீங்களே யாரையாவது கூப்பிடுங்க டீச்சர்."

வலது கை ஒன்றைக் காட்டினால் போதும். முன்வரிசைக்காரி மணி அடித்த மாதிரிச் சொல்லிவிடுவாள். வீட்டு மானம் தப்பும். டீச்சரின் விரல் அவளை நோக்கிப் பாதி தூரம் போகவும் செய்தது. கடைசி பெஞ்சில் சுருட்டை தன் இடது கையை உயர்த்தி, ஜன்னல் வழியாக வெளியே எதையோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னை யாரும் கூப்பிடப் போவதில்லை என்று அவளுக்கு அவ்வளவு உறுதி.

டீச்சருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"எல்லாரும் கையை இறக்குங்க," என்றார். இறக்கினார்கள். "நம்ம வழக்கப்படி கேக்கறேன். தெரியாதவங்க மட்டும் தூக்குங்க."

வகுப்பு திருதிருவென்று விழித்தது. பிறகு ஒன்று, இன்னொன்று என்று தயங்கித் தயங்கி இடது கைகள் மட்டும் எழுந்தன. பாதி வகுப்பு. தம்பியின் கழுத்து சிவந்தது.

அதிகாரி அம்மாள் கேட்டார். "பாதிப் பேருக்குப் பாடம் தெரியலையே?"

"ஆமாம்மா. அதனாலதான் நான் இங்க இருக்கேன்."

சுருட்டையைக் கரும்பலகைக்கு வரவழைத்தார். வந்தவள் ஆறில் ஒரு பங்குதான் பெரிது என்று அடித்துச் சொன்னாள். ஒரு கோடு போட்டு ஐந்தாகப் பிரிக்கச் சொன்னார். கோணல்மாணலாகப் பிரித்தாள். அதே நீளத்தில் இன்னொரு கோடு, அதை ஆறாக. ஆறாவது துண்டுக்கு இடம் போதாமல் கோட்டை இழுத்து நீட்டப் பார்த்தாள். "கோடு நீளாதும்மா, துண்டுதான் சுருங்கணும்," என்றார். அழித்தாள், போட்டாள், மறுபடி அழித்தாள். தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அதிகாரி அம்மாள் பார்க்கவில்லை. கடைசியில் சுருட்டை சாக்பீஸை வைத்துவிட்டு, "ஓ, நிறைய பேருக்குப் பிரிச்சா ஆளுக்குக் கொஞ்சமாத்தான் வரும். அஞ்சுல ஒண்ணுதான் பெருசு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

டீச்சர் தம்பியைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. ஆனால் வந்தவர் கண்ணை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை. முதலில் எந்தக் கைகள் எழுந்தன, பிறகு எந்தக் கைகள் எழுந்தன என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

பக்கத்து வகுப்புக்கும் இதற்கும் நடுவில் பலகைத் தடுப்புதான். அடுத்து அதிகாரியோடு அங்கே போன தம்பி கேள்வி கேட்பது கேட்டது. கைகள் எழும்பும் சலசலப்பும் கேட்டது. பிறகு அந்த அம்மாளின் குரல், சாந்தமாக. "இடது கை தூக்கியிருக்கிற பையன் சொல்லட்டும்."

சத்தமில்லை.

"சரி, அவன் பக்கத்துல. அதுவும் இடது கைதான். நீ சொல்லுப்பா."

 பதிலுக்கு யாரோ விசும்புவதுதான் கேட்டது. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்ற டீச்சருக்குத் தன் கன்னத்திலேயே அறை விழுந்த மாதிரி இருந்தது. சந்தோஷம் கொஞ்சமும் இல்லை. அங்கே நின்று அவமானப்படுவது அவர் தூக்கி வளர்த்த தம்பி.

போகும்போது அந்த அம்மாள் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போனார். இந்தப் பழக்கத்தைப் பழக்கியது யார் என்று நாளைக் காலையில் வந்து கேட்பேன். பதிலைப் பொறுத்துத்தான் மேல் வகுப்புகள் விஷயம் முடிவாகும்.

சாயங்காலம் கூடத்தில் தம்பி குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

"திருப்திதானே உனக்கு? அப்பா பேரைச் சந்தி சிரிக்க வச்சுட்ட."

"நான் எதையும் சொல்லலை."

"சொல்ல வேற செய்யணுமா? சரி, அதை விடு. காலையில பி.டி. மாஸ்டர் பழக்கினாருன்னு சொல்லிடப் போறேன். அதுல பொய் இருக்கா? மைதானத்துல நின்னு பழக்கினது அவருதானே?"

தம்பி மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பி.டி. மாஸ்டர் தற்காலிக வேலையில் இருப்பவர். விசில் ஒன்றும் இரண்டு பனியனும்தான் அவர் உடைமை. இப்படி ஒரு பழி விழுந்தால் மறுநாளே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

"நீ சொல்லித்தானே அவரு செஞ்சாரு?"

"அவருக்கு வேற எங்கயாவது வேலை கிடைக்கும். எனக்கு இந்த நாற்காலி போனா இன்னொண்ணு கிடைக்குமா?"

டீச்சர் எழுந்து நின்றார். குரல் ஏறவில்லை. ஏறாத குரல்தான் அந்த வீட்டில் எல்லாருக்கும் பயம்.

"தம்பி, இந்த வீட்ல தப்பு செஞ்சவங்க இருந்திருக்காங்க. அதை அடுத்தவன் தலையில கட்டிட்டுச் சாப்பிட உக்காந்தவங்க இருந்ததில்ல. நாளைக்குக் காலைக் கூட்டத்துல அந்தம்மா முன்னால நீ மேடையேறி, நான்தான் சொன்னேன்னு சொல்ற."

"முடியாதுன்னா?"

"நான் ஏறிச் சொல்வேன். நான் சொன்னா அக்காக்காரி காட்டிக் குடுத்துட்டான்னு ஆகும். நீ சொன்னா வாத்தியார் பையன் ஒத்துக்கிட்டான்னு ஆகும். எது இந்த வீட்டுக்கு ஏத்ததுன்னு நீயே முடிவு பண்ணிக்க."

"அப்புறம் நமக்குள்ள பேச்சு வார்த்தையே கிடையாது."

"வேண்டாம்."

காலையில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். அதிகாரி அம்மாள் வராந்தா ஓரத்தில் நின்றார். பி.டி. மாஸ்டர் விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். ராத்திரி தூங்கிய முகமாகத் தெரியவில்லை. தம்பி மேடையேறி மைக்கைத் தட்டிப் பார்த்தான்.

"நேத்து நடந்ததுக்கு... நிர்வாகத்தின் சார்பில்... ஏதோ ஒரு புரிதல் குறைவால..." என்று உதட்டுக்குள்ளேயே மென்றான்.

ஆசிரியர்கள் வரிசையிலிருந்து டீச்சர் சொன்னார். "பின்வரிசைக்குக் கேக்கல, சார்."

தம்பி நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் அக்கா என்ற எண்ணம் துளியும் இல்லை. டீச்சரும் கண்ணை எடுக்கவில்லை. 

"கையைப் பிரிச்சுத் தூக்கச் சொன்னது நான்," என்றான், இந்தத் தடவை மைதானத்தின் கடைசிவரை கேட்கும்படி. "பி.டி. மாஸ்டர் நான் சொன்னதைத்தான் செஞ்சாரு. தப்பு என்னோடது."

அதிகாரி அம்மாள் தலையசைத்தார். பாராட்டா, கண்டனமா, யாருக்கும் விளங்கவில்லை. மேல் வகுப்புகள் இருக்குமா போகுமா என்று சொல்லாமலே கிளம்பிப் போனார். பி.டி. மாஸ்டர் விசிலை ஊத வாயில் வைத்தார். காற்று வரவில்லை. இரண்டாவது தடவைதான் ஊதினார்.

டீச்சர் வகுப்புக்குப் போய் அன்று முழுக்கப் பின்னம் நடத்தினார். கோபம் இறங்கவேயில்லை. இரண்டு வாரப் பாடம் பாழாய்ப் போயிருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க எந்த மேடைப் பேச்சாலும் ஆகாது.

சாயங்காலம் வீட்டில் தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இவருக்குத் தட்டு வைக்கப்படவில்லை. தம்பி மனைவி அடுப்பங்கரை வாசலில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். டீச்சர் அலமாரியைத் திறந்து தன் தட்டைத் தானே எடுத்து வந்து, வழக்கமான இடத்தில், தம்பிக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.