தூக்கக் கூடாத பிள்ளை

1

இந்தக் கதை ஓர் அறிவிப்புப் பலகையால் பிறந்தது. இந்தக் குளிர்நாட்டில், எங்கள் ஊர்த் தேவாலயத்தில் கல்லில் செதுக்கிய தொட்டில் ஒன்று இருக்கிறது. உள்ளே கல்லாய்ப் படுத்திருப்பவள் ஓர் இளவரசி. பிறந்த மாதமே இறந்துபோனாள். முந்நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. கன்னத்தைத் தொடலாமென்று கை நீட்டினேன். 'தொடாதீர்கள்' என்றது பலகை. வீட்டுக்கு வந்த பிறகும் கோபம் அடங்கவில்லை. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

2

அன்று அரண்மனைத் தோட்டமெங்கும் வெண்பனி போர்த்தி

(அடித்துவிட்டேன். பனியை ரசிக்க இதுவா நேரம்?)

தாம்சினுக்குத் தொட்டில் ஆட்டும் வேலை. அரண்மனையில் அது ஓர் உத்தியோகம். பால் கொடுக்க வேறொருத்தி, துணி சுற்ற இன்னொருத்தி. பிள்ளையைத் தூக்குகிற உரிமை மட்டும் பிள்ளைக்குப் பொறுப்பாளரான ஆர்க்கம் சீமாட்டிக்கு. அவர் எடுத்துக் கொடுத்தால்தான் பால் கொடுப்பவள்கூட மடியில் வாங்க முடியும். போன வாரம் பிள்ளை வீறிட்டு அழுதது. தாம்சினோடு வேலை பார்த்த அர்சுலா பொறுக்க மாட்டாமல் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கே அவளை மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்கள்.

(குறிப்பு: பிள்ளைக்கு நீளமாகப் பெயர் சூட்டினார்கள். அதை நான் எழுதப்போவதில்லை. பெயர் சூட்டியவர்களில் ஒருவராவது அவளைத் தூக்கி…

வேண்டாம், விடுங்கள்.)

3

பால் குடித்த கொஞ்ச நேரத்தில் பிள்ளைக்கு எதுக்களித்தது. கழுத்துவரை துணியால் இறுக்கிச் சுற்றி மல்லாத்தியிருந்தார்கள்; புரளக்கூட வழியில்லை. முகம் கறுத்தது. தாம்சின் கதவுக்கு ஓடினாள். வெளியே சீமாட்டியின் தோழி நின்றிருந்தாள்.

"அம்மா, பிள்ளைக்கு மூச்சு முட்டுது. சீமாட்டியக் கூப்பிடுங்க."

"ஜெபத்துல இருக்காங்க. உன் வேலை என்ன?"

"ஆட்டறது."

"அப்ப போய் ஆட்டு."

போனாள். ஆட்டினாள். வழக்கத்தைவிட வேகமாக ஆட்டினாள். அவளுக்குத் தெரிந்த, அவளுக்கு அனுமதித்த வைத்தியம் அது ஒன்றுதான்.

4

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு அவளோடு சண்டைக்குப் போனேன். பிள்ளை ஒரு முழம்கூட இல்லையே, தூக்கினால் என்ன என்று கேட்டேன்.

"எழுதறவங்களுக்கு என்னம்மா, சுலபம்," என்றாள் தாம்சின். "வெளிய போன அர்சுலா என்ன ஆனான்னு எழுதினீங்களா?"

எழுதவில்லை. இவளை நான் நம்பலாமா, வெறுக்கலாமா என்றும் தெரியவில்லை.

கதையின் ஒரு முடிவில் தாம்சின் பிள்ளையைத் தூக்குகிறாள். முதுகில் தட்டுகிறாள். பால் வெளியே வருகிறது, பிள்ளை அழுகிறது. தாம்சின் தெருவுக்குப் போகிறாள். (அடித்தேன். தேவாலயத்தில் கல் தொட்டில் அப்படியேதான் இருக்கிறது.)

இன்னொன்றில் சீமாட்டி ஜெபம் முடித்து நிதானமாக வருகிறார், உரிமையோடு தூக்குகிறார். தூக்கியது பிணத்தை. பிறக்கும்போதே பலவீனம் என்று வைத்தியர்கள் சொல்லிவிடுகிறார்கள். பிறகு நாட்டிலேயே சிறந்த சிற்பியை அழைக்கிறார்கள். போர்வை ஓரத்துப் பூவேலையை அவன் இழை தவறாமல் செதுக்குகிறான். செத்த பிறகு எவ்வளவு அக்கறை. பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

5

இரண்டையும் எழுத மாட்டேன். கதை இங்கேயே நிற்கட்டும். கதவு சாத்தியிருக்கிறது. தாம்சின் ஆட்டுவதை நிறுத்திவிட்டுத் தன் கைகளைப் பார்க்கிறாள், பிறகு உங்களைப் பார்க்கிறாள். பிள்ளை இன்னும் திணறிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு இங்கே உத்தியோகம் இல்லை. பறிக்கவும் எதுவும் இல்லை. பலகையை நான் கழற்றி எறிந்துவிட்டேன்.

கையை நீட்டுங்கள்.